ஒரு கண் காணும், மச்சாள்

என்ரை அன்பு மச்சாளுக்கு,

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குச் சின்னதாய் ஒரு நினைவுமலர் அடிக்கவேண்டும் என்று உங்கள் மகன் கனகன் புத்தூரில் இருந்து சைக்கிளில் வந்தான். தேவாரமும் உங்கள் பரம்பரையும் முதற் பக்கங்களில் வருமாம். "மிச்சத்தை நீங்கள் எழுதுங்கோ மாமி. அம்மாவோடை கனக்கக் கதைச்ச ஆள் நீங்கள்தானே" என்கிறான். கதைத்தது நீங்கள், கேட்டது நான். அது அவனுக்குத் தெரியாதா?

அச்சகத்தில் நல்ல தாள் இல்லை. பள்ளிக்கூடக் கொப்பித் தாளில், கோடுகளுக்கு மேலேயே அடித்துத் தருவார்களாம். "அன்னார் புத்தூரில் பிறந்து" என்று தொடங்கிப் பார்த்தேன். இரண்டாம் வரியிலேயே அது வேறு யாரோ ஒரு மனுசியைப் பற்றியதாகிவிட்டது. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். சனம் பக்கத்தில் இருந்து கேட்டால் கேட்கட்டும். நீங்கள் எப்போது குரலைத் தாழ்த்திக் கதைத்தீர்கள்?

முதலில் ஊர்ப் புதினம். சண்டை இன்னும் நின்றபடிதான் இருக்கிறது. ஹெலிச் சத்தம் இல்லாத வானத்தைச் சனம் இன்னும் நம்பாமல் நிமிர்ந்து நிமிர்ந்து பார்க்கிறது. கடைக்கு உடுப்புத் தோய்க்கிற சவுக்காரம் வந்திருக்கிறது. கரண்ட் வரவில்லை. என் மகள் வாணி உயர்தரப் பரீட்சைக்கு லாம்பு வெளிச்சத்தில் படிக்கிறாள். நான் பள்ளிக்கூடம் போகிறேன், கரும்பலகையில் கேத்திர கணிதம் கீறுகிறேன். ஓம் மச்சாள், இந்தக் கடிதத்தையும் என் கையாலேதான் எழுதுகிறேன். அது எப்படி நடந்தது என்று ஊருக்கு முழுசாய்த் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தப் பக்கங்கள்.

வாசிக்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் என் கணவரின் அக்கா. எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டை எரித்தபோது, உடுத்த உடுப்போடு வாணியையும் தூக்கிக்கொண்டு ஓடி, சரக்குக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியவர்கள் நாங்கள். கொக்குவிலில் குடியிருந்து ஒரு மாதிரித் தலையெடுக்கிற நேரம் அவர் மாரடைப்பில் போய்விட்டார். "தம்பியே போனபிறகு அந்த வீட்டிலை உனக்கு என்ன அலுவல்?" என்று உங்களை ஊரில் கேட்டார்களாம். நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் வெங்காயமும் முளைக்கீரையும் கொண்டு, பஸ் மாறி மாறி வந்துகொண்டே இருந்தீர்கள். அதுதான் பதில் போல.

அவர் போன வருடமே எனக்குச் சலரோகம், இரத்தத்தில் சீனி, என்று கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் எவ்வளவு காலம் தெரியாமலே உடம்புக்குள் இருந்ததோ! குளிசை தந்தார்கள். போட்டேன், சில நாள் மறந்தேன். நோவு இல்லாத வருத்தத்தை யார் நினைத்துக்கொண்டிருப்பார்கள்?

எண்பத்தொன்பது கடைசியில் கண்ணில் ஏதோ பிழைக்கத் தொடங்கியது. கரும்பலகையில் அடிமட்டம் வைத்துக் கோடு கீறுவேன். கீறிவிட்டுப் பார்த்தால் நடுவில் வளைந்து கிடக்கும். அழித்துவிட்டுத் திரும்பக் கீறுவேன். திரும்பவும் வளையும். பிள்ளைகளின் காதும் தலைமயிரும் தெளிவாய்த் தெரியும், முகத்தின் நடுவில் மட்டும் யாரோ ஈரக் கையால் தேய்த்துவிட்ட மாதிரி இருக்கும். கண்ணாடியை மாற்றினேன். பிறகும் ஒருதரம் மாற்றினேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. கோடு தெரியாத கணித ரீச்சரை எந்தப் பள்ளிக்கூடம் வைத்திருக்கும்? வாணிக்கும் எனக்கும் வேறு என்ன வழி இருந்தது?

அந்த நேரம்தான் ஒருநாள் நீங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்து முற்றத்தில் நின்றீர்கள். நான் உங்களை நேரே பார்த்து "ஆரது?" என்றேன். பிறகு தலையைச் சரித்து, கண்ணின் ஓரத்தால் பார்த்து, "மச்சாளோ?" என்றேன். நீங்கள் கையில் இருந்த பையை இறக்கவில்லை.

"என்னடி இது, கோழி பாக்கிற மாதிரிச் சரிஞ்சு பாக்கிறாய்?"

"ஒண்டுமில்லை மச்சாள். வெயில் கண்ணைக் கூசுது."

"வெயில் உனக்குப் பின்னாலையெல்லே நிக்குது. என்னை நேரை பார். நான் சிரிக்கிறனோ, கோவிக்கிறனோ? சொல்லு பாப்பம்."

முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் புள்ளிதான் இருந்தது.

"எவ்வளவு காலமாய்?"

"கனகாலம்."

ஏசுவீர்கள் என்று நினைத்தேன். ஏசவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. "சீலையை மாத்து. வெளிக்கிடு" என்று மட்டும் சொன்னீர்கள்.

யாழ்ப்பாணத்தில் கண் டொக்டர் மருந்து விட்டுக் கருமணி விரியும்வரை எங்களை வாங்கில் இருத்தினார். பிறகு வெளிச்சம் பிடித்து ஒவ்வொரு கண்ணாய் நெடுநேரம் பார்த்தார்.

"கண்ணாடியை எத்தினை தரம் மாத்தினாலும் உது சரிவராது ரீச்சர். பிழை முன்னாலை இல்லை. பின்னாலை, விழித்திரையிலை."

நீங்கள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அவருக்கு முன்னால் இருந்தீர்கள். "எங்களுக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ டொக்குத்தர்."

அவர் பொறுமையான மனிதர். ஒரு தாளில் வட்டம் கீறி, அதன் நடுவில் ஒரு புள்ளி வைத்தார். "விழித்திரைக்கு நடுவிலை மக்குலா எண்டு ஒரு சின்ன இடம் இருக்கு. வாசிக்கிறது, ஊசி கோக்கிறது, ஆளின்ரை முகத்தை அறியிறது எல்லாம் அந்த இடத்தாலைதான். இரத்தத்திலை சீனி கனகாலம் கூடி நிண்டால் கண்ணுக்குள்ளை இருக்கிற மெல்லிய குழாயள் பழுதாகிக் கசியும். அந்தக் கசிவு மக்குலாவிலை ஊறி, அது வீங்கிப்போச்சு. வீங்கின இடத்தாலை பாத்தால் நேர்க்கோடும் வளைஞ்சுதான் தெரியும்."

"வெளியாலை ஒரு வீக்கமும் காணேல்லையே?"

"வெளியாலை தெரியாது அம்மா. கண் நோகாது, சிவக்காது. அதாலைதான் சனம் பிந்தி வருகுது."

"வத்தப்பண்ண ஒரு குளிசை? துளி மருந்து?"

"அதுகளுக்கு உது வத்தாது. லேசர் எண்டு ஒரு வெளிச்சம் இருக்கு. கசியிற இடங்களைப் பாத்து மெல்லிசாய்ச் சுட்டு அடைக்கிறது. அதுக்குக் கொழும்புக்குத்தான் போகவேணும்."

"சுட்டால் பழையபடி தெரியுமோ?"

அவர் கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னார். "சிலபேருக்குக் கொஞ்சம் கூடும். கனபேருக்கு இருக்கிற பார்வை நிக்கும். செய்யாமல் விட்டால் இருக்கிறதும் குறைஞ்சுகொண்டு போகும். முழுக் குருடாகிறது வேறை கதை. ஆனால் எழுத்தும் முகமும் போயிடும்."

பஸ் நிலையத்தில் வைத்து நான் சொன்னேன், "எழுத்துப் போனாலும் பரவாயில்லை, கொழும்புக்கு மட்டும் நான் போகமாட்டன்." காரணம் உங்களுக்குத் தெரியும். அந்த ஊரின் பெயரைக் கேட்டாலே எனக்கு எரிகிற சீலையின் மணம் வரும்.

நீங்கள் அதுவரை குடாநாட்டு எல்லையான ஆனையிறவைத் தாண்டாத மனுசி. சிங்களத்தில் ஒரு சொல் தெரியாது. என்னைப் பார்க்காமல், வருகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள். "பயமில்லாமல் வா எண்டு உன்னை ஆர் கேட்டது? பயந்துகொண்டே வா. நானும் பயந்துகொண்டுதான் வாறன்."

இந்தியப் படை போன கையோடு, தொண்ணூறாம் ஆண்டு சித்திரையில், வாணியைக் கனகனிடம் விட்டுவிட்டு யாழ்ப்பாணம் ஸ்டேசனில் கோச்சி ஏறினோம். அனுராதபுரம் தாண்டியதும் நீங்கள் திருநீற்றுப் பையை மடியில் இருந்து எடுத்து எனக்குப் பூசினீர்கள். பிறகு யோசித்துப் பார்த்து, எதிரே இருந்த சிங்களக் கிழவருக்கும் நீட்டினீர்கள். அவர் வாங்கிப் பூசிக்கொண்டார். கொழும்பு வரும்வரை நீங்கள் தமிழிலும் அவர் சிங்களத்திலும் கதைத்தீர்கள். என்ன கதைத்தீர்கள் என்று கேட்டதற்கு, "அவருக்கு முழங்கால் நோ" என்றீர்கள்.

கொட்டாஞ்சேனையில் ஒரு அறை எடுத்துத் தங்கினோம். ஆசுப்பத்திரியில் முதலில் கையில் ஒரு சாய ஊசி போட்டுக் கண்ணுக்குள் படம் எடுத்தார்கள். எந்தக் குழாய் எங்கே கசிகிறது என்று அந்தச் சாயம் காட்டிக் கொடுக்குமாம். வெளியே வந்த என்னைக் கண்டதும் நீங்கள் போட்ட சத்தத்துக்கு அந்த விறாந்தையே திரும்பியது. "ஐயோ, இவளுக்கு மஞ்சள் காமாலை வரப்பண்ணிப் போட்டாங்கள்!" சாயம் உடம்பில் ஏறினால் தோல் மஞ்சளிக்கும், ஒருநாளில் போய்விடும் என்று தாதி சொல்லியும் நீங்கள் நம்பவில்லை. அடுத்தநாள் விடிய என் முகத்தைத் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடித்தீர்கள்.

லேசர் செய்த டொக்டர் ஒரு சிங்களப் பெண். என்னிலும் இளமை. ஆங்கிலத்தில் சொன்னார், நான் தலையாட்டினேன். நாடியைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டியில் அழுத்தி இருக்கவேண்டும். விறைக்கத் துளி விட்டு, கண்ணின் மேலேயே ஒரு வில்லையை வைத்தார். "அசையக் கூடாது. கசிவு நடுப்புள்ளிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நடுவில் பட்டால் நான் திருத்த முடியாது." பச்சை வெளிச்சம் ஒன்று வெட்டியது. நோகவில்லை. ஆனால் அந்த வெட்டில் எனக்கு எங்கள் வெள்ளவத்தை வீட்டு யன்னல் தெரிந்தது. தலையைப் பின்னால் இழுத்துவிட்டேன். இரண்டாம் முறையும் இழுத்தேன். டொக்டர் நிறுத்திவிட்டு, இன்னொரு நாள் பார்ப்போமா என்று கேட்டார்.

கதவடியில் நின்ற நீங்கள் ஒருவரையும் கேளாமல் உள்ளே வந்து, என் பின்னந்தலையில் உள்ளங்கையை வைத்தீர்கள்.

"நான் முன்னாலை தள்ளமாட்டன். ஆனால் பின்னாலை வரவும் விடமாட்டன். டொக்குத்தரை வேலையைப் பாக்கச் சொல்லு."

டொக்டர் என்னவென்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அவர் உங்களுக்கும் ஒரு கறுப்புக் கண்ணாடியைக் கொடுத்துப் போடச் சொன்னார். பிறகு வெளிச்சம் வெட்டி வெட்டி நின்றது. உங்கள் கையில் வெங்காய மணம் இருந்தது. நான் அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தேன் மச்சாள். எரிகிற மணம் வரவில்லை.

முடிந்ததும் பையில் இருந்து ஓலையில் பொதிந்த ஒரு பனங்கட்டிக் குட்டானை எடுத்து அவர் மேசையில் வைத்தீர்கள். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "சலரோகக்காரர் வருகிற அறையில் இதையா?" என்று சிரித்தார். "உமக்குத்தான் பிள்ளை. அவைக்குக் காட்டாமல் தின்னும்" என்றீர்கள். அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன்.

வலது கண்ணுக்கு அன்று முடிந்தது. இடது கண்ணுக்கு ஆடியில் வரச் சொன்னார்கள். சீனியும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் நிற்காவிட்டால், அடைத்த இடம் விட்டு வேறு இடம் கசியும் என்றும் சொன்னார்கள்.

ஊருக்கு வந்து கிழமைகள் போயும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. போதாததற்குப் பார்வையில் சின்னச் சின்னக் கறுப்புப் பொட்டுகள். "கண்ணைச் சுட்டதுதான் மிச்சம்" என்று அழுதேன். நீங்கள் அடுப்படியில் இருந்தே சொன்னீர்கள், "வாய்க்கால் உடைப்பை அடைச்ச அண்டைக்கே பாத்தி காயுமோ? ஊறின தண்ணி சுவறவேணுமெல்லே. பொறு." பொறுத்தேன். வைகாசிக் கடைசியில் ஒரு காலை, வாணியின் கொப்பியில் அவள் கீறிய முக்கோணத்தைப் பார்த்தேன். இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். மூன்று பக்கமும் நேராய் இருந்தது. அன்று உங்களுக்குச் சொல்ல நான் புத்தூருக்கு வந்தேன். தோட்டத்துச் சேற்றோடு என்னைக் கட்டிப்பிடித்தீர்கள், நினைவிருக்கிறதா?

ஆனியில் சண்டை தொடங்கியது. கோச்சி நின்றது, கரண்ட் நின்றது, பாதை பூட்டியது. ஆடி வந்து போனது. இடது கண்ணுக்குத் தந்த நாள் கொழும்பில் யாருக்கும் தெரியாமல் கழிந்தது.

அந்தக் காலத்தில்தான் என்னை இன்சுலினுக்கு மாற்றினார்கள். குளிரில் வைக்கவேண்டிய மருந்து. குளிர்சாதனப் பெட்டி அலுமாரியாய்ப் போன காலம் அது. மண் பானையில் மணல் போட்டு, நனைத்து, அதற்குள் மருந்துப் போத்தலைப் புதைத்து, வீட்டிலேயே குளிர்ந்த மூலையில் வைத்தீர்கள். வந்தவுடன் முதலில் மணலைத் தொட்டுப் பார்ப்பீர்கள். காய்ந்திருந்தால் வாணிக்கும் எனக்கும் நல்ல ஏச்சு விழும். அரசாங்கம் போட்ட பொருள்தடையால் வந்த சீனித் தட்டுப்பாட்டில் ஊரெல்லாம் வெறும் தேத்தண்ணி குடித்தபோது, "அரசாங்கம் உனக்கெண்டே செய்த பத்தியம்" என்று சிரித்தீர்கள். ஊரில் எல்லாரும் இல்லாததை எண்ணிக்கொண்டிருந்த நாட்களில், சலரோகத்துக்கு நல்லது என்று நீங்கள் குரக்கன் பிட்டோடு வந்து நின்றீர்கள்.

இடது கண் மட்டும் மங்கிக்கொண்டே போனது. தொண்ணூற்றிரண்டில், அனுமதிக்கு அலைந்து திரிந்து, கொம்படி வழியாய்ப் புறப்பட்டோம். ஆனையிறவு பூட்டியபிறகு சனம் கண்டுபிடித்த பாதை அது. பாதித் தூரம் ட்ரக்டர், மிச்சம் கடல்நீரும் சேறும். எனக்குத் தண்ணீரின் ஆழம் பிடிபடவில்லை. நீங்கள் பையைத் தலையில் வைத்து, என் கையை உங்கள் தோளில் போட்டு, "பள்ளம்... மேடு... இனிக் கொஞ்சம் சேறு" என்று சொல்லிச் சொல்லி நடந்தீர்கள். நடுவழியில் ஹெலி வந்தது. எல்லாரும் கழுத்தளவு தண்ணிக்குள் குந்தினோம். அது சுற்றிவிட்டுப் போனது. அன்று சுடவில்லை. எழும்பும்போது, "உப்புத் தண்ணி கண்ணிலை பட்டதோ?" என்றுதான் முதலில் கேட்டீர்கள்.

அதே டொக்டர்தான் இருந்தார். உங்களைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்தார். என் கண்களைப் பார்த்தபிறகு அவர் சிரிப்பு நின்றுவிட்டது. வலது கண்ணில் புதிதாய் ஒரு சிறு கசிவு, அதை அன்றே அடைக்கலாம். இடது கண்ணில் வீக்கம் நெடுநாள் நின்று, நடுப்புள்ளி தழும்பாகிவிட்டது. இனி லேசரால் அது திரும்பாது. "நேரத்துக்கு வந்திருந்தால்" என்று தொடங்கி, எங்கள் சேறு காய்ந்த சீலைக்கரையைப் பார்த்துவிட்டு, வசனத்தை முடிக்காமல் விட்டார்.

நான் உங்களுக்குத் தமிழில் சொன்னேன். அப்போதுதான் நீங்கள் அழுதீர்கள். தம்பியின் செத்தவீட்டில்கூட எனக்குத் தெரிய நீங்கள் அப்படி அழுததில்லை. "இவ்வளவு தண்ணி தாண்டி வந்தும் காப்பாத்த ஏலாமல் போச்சே" என்று விறாந்தை வாங்கில் இருந்து நெற்றியில் அடித்துக்கொண்டீர்கள்.

"ஒரு கண் காணும், மச்சாள்" என்றேன்.

எங்கள் பேச்சில் காணும் என்றால் போதும். காணும் என்றால் தெரியும் என்றும்தானே? எதைச் சொன்னேன் என்று நீங்கள் கேட்கவில்லை. மூக்கைச் சீறிவிட்டு, "அப்ப எழும்பு, அந்தக் கண்ணுக்குச் செய்யிற வேலையைச் செய்வம்" என்றீர்கள். உள்ளே போய், சொல்லாமலே என் பின்னால் நின்றீர்கள்.

அந்தக் கண்தான் இன்றைக்கும் எழுதுகிறது. இந்த மாசியில், தோட்டத்து இறைப்புக்கு நின்ற இடத்திலேயே நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டீர்கள் என்று ஆள் வந்தபோது, நான் வகுப்பில் நின்றேன். புத்தூருக்கு வந்து சேர உங்களைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். நான் தலையைச் சரிக்கவில்லை மச்சாள். நேரே பார்த்தேன். முழு முகமும் தெரிந்தது. கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. வேலை முடித்துப் படுத்த மனுசியின் முகம். அதைக் கடைசியாய் ஒருதரம் பார்க்க என்னிடம் ஒரு கண் இருந்ததே, அது நீங்கள் தந்தது. இதற்கு நன்றி என்று எழுதினால் கொப்பித் தாள் காணாது.

இனி உங்களுக்குத் தெரியாத ஒரு செய்தி. கோபிக்காமல் கேளுங்கள். செத்தவீடு முடிந்த கையோடு கனகன் செம்பு செம்பாய்த் தண்ணீர் குடிப்பதையும், அடிக்கடி பின்வளவுக்குப் போவதையும் கவனித்தேன். பிடித்து இழுத்துக்கொண்டு போய் இரத்தம் சோதிப்பித்தேன். சீனி. எனக்கு வந்தது உங்கள் மகனையும் விடவில்லை.

"குளிசை போடுறன் மாமி. கண்ணுக்கு என்னத்துக்கு? எனக்குக் கண் வடிவாய்த் தெரியுது" என்று நின்றான்.

"எனக்கும் வடிவாய்த்தான் தெரிஞ்சது. வடிவாய்த் தெரியேக்கைதான் காட்டவேணும். தெரியாமல் போனபிறகு காட்டினால் டொக்டருக்கும் ஏலாது. வெளிக்கிடு."

சொல்லிவிட்டுத்தான் யோசித்தேன், அது யார் குரல் என்று.

போன கிழமை கூட்டிக்கொண்டு போனேன். மருந்து விட்டுப் பார்த்தார்கள். ஓரத்தில் ஒன்றிரண்டு சிவப்புப் பொட்டு, நடுவில் ஒன்றும் இல்லை. சீனியைக் கட்டி வைத்து, வருடத்துக்கு ஒருதரம் காட்டினால் இப்போதைக்குப் போதுமாம். திரும்பி வரும்போது கருமணி விரிந்து, உங்கள் மகனுக்கு வெயிலில் கண் திறக்க முடியவில்லை. அவ்வளவு பெரிய ஆம்பிளை சைக்கிளை ஒரு கையால் உருட்டிக்கொண்டு, மற்றக் கையை என் தோளில் போட்டபடி வந்தான். நான் பள்ளமும் மேடும் சொல்லிக்கொண்டு நடந்தேன். கொக்குவில் சந்தியில் நின்ற சனம் சிரித்தது. சிரிக்கட்டும்.

இது என் வாக்கு, மச்சாள். நான் நடக்கும்வரை ஒவ்வொரு வருடமும் அவனைக் கொண்டுபோய்க் காட்டுவேன். அவன் மாட்டேன் என்றால் இழுத்துக்கொண்டு போவேன். பாதை பூட்டினால் வேறு பாதை பிடித்துப் போவோம். அவனுடைய இரண்டு கண்ணையும் நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் நிம்மதியாய்ப் படுங்கோ.

உங்கள் தம்பியின் பெண்சாதியாய் வந்து,
உங்கள் தங்கச்சியாய் இருக்கிற
தவமணி
கொக்குவில், பங்குனி 1995